மெழுகு போட்டதாகச் சொன்ன பிக்கப்

என் எலெக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப்புக்கு மெழுகு போட வேண்டுமா வேண்டாமா என்று உலகத்தில் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் அந்தப் பேச்சைக் கிளப்பினேன். கிளப்பாமல் இருந்திருந்தால் விராலிமலையில் இருக்கும் எங்கள் வீடும் அறந்தாங்கியில் இருக்கும் அத்தை வீடும் இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கும். எனக்குக் கல்யாணமும் ஆகியிருக்கும்.

பிக்கப் என்ற வார்த்தையைக் கேட்டதும் அப்பா, "வண்டிக்குத்தானே பிக்கப் இல்லைன்னு சொல்லுவாங்க, வீணைக்குமா?" என்றார். அவருக்குக் கம்பி கட்டிய எல்லாமே வீணைதான். கிட்டார் கம்பிகளுக்கு அடியில், தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக, தகடு மூடிய ஒரு பெட்டி பதிந்திருக்கும். உள்ளே காந்தம். காந்தத்தைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. மேலே கிட்டார் கம்பி அதிர்ந்தால் உள்ளே மின்சாரம் அசையும். அது ஒயர் வழியாக ஆம்ப்ளிஃபையருக்குப் போய்ச் சத்தமாகும். மரமும் பாலிஷும் நாம் பார்த்துக்கொள்ளத்தான். கிட்டாருக்குக் காது என்று ஒன்று உண்டென்றால் அது இந்தப் பெட்டிதான்.

கிட்டார் எனக்கு வந்த விதம் வேடிக்கையானது. சித்தப்பா வளைகுடாவில் வேலை பார்த்தபோது, அறையில் கூடத் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் ஊர் திரும்பும் அவசரத்தில் அதை அவர் கட்டிலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். சித்தப்பா அதைக் கம்பளிப் போர்வைகளுக்கு நடுவில் சுற்றிக் கட்டிக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். "ஒனக்குத்தான் கரண்டு சமாச்சாரம் தெரியுமே" என்பது காரணம். நான் அப்போது திருச்சியில் எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். படிப்பு முடிந்து, சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே சாஃப்ட்வேர் சோதித்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது. சோதிப்பது என்றால் பிடிக்கும். ஒரு பட்டனைப் பார்த்தால் எல்லோரும் ஒருமுறை அழுத்துவார்கள், நான் பிடித்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று பார்ப்பேன். அந்தப் புத்தி கிட்டாரையும் விடவில்லை.

நான் வாசித்ததெல்லாம் வீட்டுக்குள்தான். அதுவும் ஹெட்போனில்தான். கூடத்தில் அம்மாவின் சீரியல் ஓடும். பஸ் டிப்போவில் ராத்திரி வேலை முடித்துக் காலையில் வரும் அப்பா பகலில்தான் தூங்குவார். பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள். என் மேசையில் இருந்த சின்ன ஆம்ப்ளிஃபையரில் ஹெட்போனைச் செருகிவிட்டால் வெளியே கேட்பது கம்பியின் டிக் டிக் மட்டும். உள்ளே எனக்கு மட்டும் ஒரு மண்டபமே அதிரும். அந்தக் கிட்டாரின் சத்தம் அப்படி. தடித்த கம்பியைத் தொட்டால், பேசும் முன் தொண்டையைச் செருமிக்கொள்ளும் ஆளைப் போல லேசாகக் கரகரத்துவிட்டுத்தான் ஸ்வரம் வரும். மெல்லிய கம்பி இனிப்பாக இருக்கும், காதைக் குத்தாது. பாட்டு முணுமுணுத்துக்கொண்டே குனிந்து வாசித்தால் என் குரலும் பிக்கப்புக்குள் போய், ஹெட்போனில் தூரத்து வீட்டு ரேடியோ மாதிரி கேட்கும்.

ஒருநாள் எல்லோரும் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார்கள். வேலை இருக்கிறது என்று நான் போகவில்லை. ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு ஆம்ப்ளிஃபையரை முழுதாகத் திருகினேன். முதல் கம்பியைத் தொடும் முன்னேயே வீல் என்று ஒரு அலறல். பயந்துபோய்க் கையை எடுத்தேன். அப்போதும் நிற்கவில்லை. வெளியே புளியமரத்திலிருந்து மயில் ஒன்று பதிலுக்கு அகவியது. நான் ஆம்ப்ளிஃபையரை அணைத்த பிறகும் அது விடவில்லை.

உடனே உட்கார்ந்து தேடினேன். காரணம் சுலபம். பழைய பிக்கப்புகளில் அந்தச் செம்புக் கம்பி தளர்வாகச் சுற்றியிருக்கும். ஸ்பீக்கர் சத்தம் பெரிதானால் அந்தச் சுற்றுகளே நடுங்கும். நடுக்கம் மறுபடி ஸ்பீக்கருக்குப் போகும், அது மறுபடி நடுக்கும், சுற்றிச் சுற்றி வளர்ந்து அலறலாகும். மருந்தும் சுலபம். உருக்கிய மெழுகில் பிக்கப்பை முக்கி எடுத்தால் மெழுகு இடுக்குகளில் இறங்கி, உறைந்து, கம்பியை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

வீட்டில் மட்டும் வாசிப்பவர்களுக்கு இது தேவையா என்று இணையத்தில் கிட்டார்க்காரர்கள் கூடும் ஒரு குழுவில் கேட்டேன். அடிதடிதான். ஹெட்போனில் வாசிக்கிறவருக்கு எதற்கு, ஸ்பீக்கரே இல்லாதபோது எது எதை நடுக்கும் என்றது ஒரு கட்சி. எதற்கும் போட்டு வைத்தால் நல்லது, கம்பிக்குப் பாதுகாப்பு என்றது இன்னொரு கட்சி. மெழுகு போட்டால் சத்தம் செத்துவிடும் என்றது மூன்றாவது. முதல் கட்சி சொன்னதுதான் சரி என்று படித்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் ஒரு காரியம் செய்யலாம் என்று தெரிந்த பிறகு செய்யாமல் இருக்க என்னால் முடியாது. மெழுகுவர்த்தி வாங்கினேன். கொஞ்சம் தேன்மெழுகும் தேடிப் பிடித்தேன். வெந்நீருக்குள் வைத்து உருக்குவதற்கு அடுக்களையில் ஒரு பழைய பால் சட்டியை எடுத்தேன்.

"சோறாக்குற அடுப்புல என்னத்தடி உருக்கப்போற?" என்றாள் அம்மா.

"மெழுகும்மா. கிட்டாருக்கு."

"ஒங்கப்பா வண்டிக்கு கிரீஸ் அடிக்கிற மாதிரியா? அங்கிட்டுப் போ. சட்டிய வச்சிட்டுப் போ."

உண்மையில் எனக்கே பயமாகத்தான் இருந்தது. சூடு கொஞ்சம் ஏறினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் வளைந்துவிடும். அந்தக் கம்பி எங்காவது அறுந்தால் அத்தோடு பிக்கப் ஊமை. இப்படி இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார்.

மச்சான் என்றால் அப்பாவின் தங்கை மகன். அறந்தாங்கியில் இருக்கிறார். பகலில் செல்போன் கடை, முகூர்த்த நாட்களில் ஒரு இன்னிசைக் குழுவில் கிட்டார். எனக்கும் அவருக்கும் முறை. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே, விசேஷ வீட்டுப் பந்திகளில் அத்தை பரிமாறுகிறவர்களைப் பார்த்து, "எம் மருமகளுக்கு இன்னொரு அப்பளம் வைங்கப்பா" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நான் அப்பளத்தைத் தின்றுவிடுவேன். வளர்ந்த பிறகும் அந்தப் பேச்சை நான் தடுக்கவில்லை. எனக்கு அதில் விருப்பம் இருந்தது. எங்கள் இரண்டு வீட்டுச் சொந்தத்திலும் பிக்கப் என்றால் என்னவென்று தெரிந்த இன்னொரு ஆள் அவர் ஒருவர்தான். கல்யாணமானால் ஒரே வீட்டில் இரண்டு கிட்டார் இருக்கும், ஒருத்தர் வாசிப்பதை ஒருத்தர் குறை சொல்லிக்கொண்டே இருக்கலாம் என்றெல்லாம் நினைத்திருந்தேன்.

அன்றைக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு என் கிட்டாரை மடியில் வைத்தவர் வெகுநேரம் எடுக்கவே இல்லை. வழக்கமாக வாசித்துக்கொண்டே கிண்டல் பண்ணுகிறவர் அன்றைக்கு அதைக்கூட மறந்துவிட்டார். காபி ஆறிப்போனது. பிறகு ஹெட்போனைக் கழற்றி, "இதுக்கா மெழுகு போடணும்ங்கிற?" என்றார்.

"பாதிப்பேர் வேணாம்ங்கறாங்க மச்சான். நீங்க என்ன சொல்றீங்க?"

"போடலாம். போட்டாத்தான் நல்லது. ஆனா நீ போடாத. கைபதறி எதையாச்சும் அத்துவிட்டுருவ. கழட்டிக் குடு, நான் போட்டுத் தாரேன்."

"நீங்க இதுக்கு முன்னாடி போட்டிருக்கீங்களா?"

"எங்க ட்ரூப்புல எல்லாத்துக்கும் யாரு போடுறா? நாந்தான். நீ படிச்ச இன்ஜினியரு, நான் படிக்காத இன்ஜினியரு."

நானே கழற்றினேன். திருகாணியைச் சுழற்றும்போது ஸ்க்ரூடிரைவர் வழுக்கி, பிக்கப்பின் தகட்டு மூடியின் மூலையில் பிறைபோல ஒரு கீறல் விழுந்தது. "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று சிரித்தார். ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அடுக்களைக்குப் போய் அம்மாவிடம் ஏதோ பேசிவிட்டு, அறந்தாங்கி பஸ்ஸைப் பிடித்தார்.

இரண்டு வாரம் கழித்து வந்து அவரே மாட்டிக் கொடுத்தார். மூடி புதிதாகப் பளபளவென்று இருந்தது. பழைய மூடி மெழுகுச் சூட்டில் கறுத்துவிட்டதாம், அதனால் வேறு மாற்றினாராம். எனக்கு அதெல்லாம் முக்கியமில்லை, சோதிக்க வேண்டும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு பிக்கப்பின் மேல் குனிந்து, "ஹலோ, ஹலோ" என்று கத்தினேன். ஒன்றும் கேட்கவில்லை. நகத்தால் தட்டினேன். மொத்தையாக ஒரு தப் மட்டும். அப்படியென்றால் உள்ளே கம்பி அசையவில்லை, மெழுகு நன்றாக இறங்கியிருக்கிறது. "சூப்பர் மச்சான்" என்றேன். அவர் கை கழுவப் போய்விட்டார். இன்றைக்கு யோசித்தால், கடையில் மலிவாகக் கிடைக்கும் பிக்கப்புகள்கூடத் தொழிற்சாலையிலேயே மெழுகில் முங்கித்தான் வருகின்றன. என் சோதனையில் எதை மாட்டியிருந்தாலும் தேறியிருக்கும்.

சத்தம் போய்விட்டது. முதல் நாளே தெரிந்தது. செருமல் இல்லை, இனிப்பு இல்லை. தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்குவது போல மெல்லிய கம்பிகள் பல்லைக் கூசவைத்தன. மச்சானுக்குச் செய்தி போட்டேன். "மெழுகு போட்டா கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். செட்டாகணும்" என்று பதில் வந்தது. சில நாள் பொறுத்துவிட்டு மறுபடி போன் செய்தேன்.

"ஒன் காது பழைய சத்தத்துக்குப் பழகிப்போச்சு. அது தப்பான சத்தம். இப்பத்தான் சரியா கேக்குது."

"இல்ல மச்சான், உள்ள ஏதோ மாறியிருக்கு."

"உள்ள ஒண்ணும் மாறல. ஒன் காதுதான் மாறணும். ஹெட்போன கழட்டிட்டு ரெண்டு நாள் சும்மா இரு."

அப்போது கல்லூரித் தோழி ஒருத்தி குறும்படம் ஒன்று எடுத்துக்கொண்டிருந்தாள். நான் முன்பு அனுப்பியிருந்த ஒரு சின்னத் துண்டைக் கேட்டுவிட்டு, இதே சத்தத்தில் படம் முழுக்க வேண்டும் என்றாள். உட்கார்ந்து உட்கார்ந்து பதிவு செய்தேன். ஆம்ப்ளிஃபையரின் எல்லாத் திருகையும் திருகிப் பார்த்தேன். கம்பி மாற்றினேன். விரல் நகத்தை வெட்டினேன், வளர்த்தேன். ஒன்றிலும் அந்தச் சத்தம் வரவில்லை. "அனுப்பினதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையே, வேற ஆள் வாசிச்ச மாதிரி இருக்கு" என்றாள் அவள். கடைசியில் என்னால் முடியவில்லை, வேறு யாரையாவது பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். படம் வந்தது. வேறு ஒருவர் வாசித்திருந்தார், நன்றாகவே வாசித்திருந்தார்.

அந்த நாட்களில் அம்மாவிடம் எத்தனை முறை புலம்பியிருப்பேன். ஹெட்போனை அவள் காதில் மாட்டி, பழைய பதிவையும் புதியதையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினேன். "ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு. நல்லாத்தானே கேக்குது" என்பாள். சொல்லிக்கொண்டே ஹெட்போனைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு எழுந்துவிடுவாள். அவளுக்கு இசை தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

இணையக் குழுவில் போய் நீளமாக எழுதினேன். மெழுகு போட்டால் சத்தம் செத்துவிடும் என்ற மூன்றாவது கட்சி சொன்னதுதான் உண்மை, என் கிட்டாரே சாட்சி என்று. பலர் கைதட்டினார்கள். ஒரே ஒருவர் மட்டும், மெழுகால் அவ்வளவு மாறாதே, வேறு பிக்கப் மாட்டியது போலல்லவா சொல்கிறீர்கள் என்று எழுதினார். மேசை இழுப்பறையில், கம்பிச் சுருளை அளந்து பார்க்கும் மல்டிமீட்டர் இருந்தது. திருகாணிகளைக் கழற்றி உள்ளே பார்க்க ஒரு டீ குடிக்கும் நேரம் ஆகாது. நான் கழற்றவில்லை. எதையும் பிரித்துப் பார்க்கிற நான் அதை மட்டும் பிரிக்கவில்லை. பிரித்தால் யாரைச் சந்தேகப்படுகிறேன் என்பது எனக்கே தெரிந்துபோகும். அந்த ஆளுக்கு, "நீங்கள் கேட்டுப் பார்த்திருந்தால் இப்படிச் சொல்ல மாட்டீர்கள்" என்று காட்டமாகப் பதில் எழுதிவிட்டு, கிட்டாரை உறையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

அத்தை வீட்டுச் சொந்தத்தில் ஒரு கல்யாணம் அறந்தாங்கியில் வந்தது. காலையில் முகூர்த்தம், சாயங்காலம் ரிசப்ஷன். ரிசப்ஷனுக்கு மச்சானின் இன்னிசைக் குழு. அவருடைய நிகழ்ச்சிகளை நான் நேரில் பார்த்ததே இல்லை. பொம்பளப் பிள்ளையை ராத்திரிக் கச்சேரிக்கு எல்லாம் அனுப்ப முடியாது என்பது வீட்டுச் சட்டம். கல்யாண வீடு என்பதால் அன்றைக்குத் தப்பித்தேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து மண்டபமே சொக்கிப்போய்க் கிடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் பெரியவர்கள் வாயைப் பிளந்து தூங்கினார்கள். மேடையில் மட்டும் மச்சானின் குழு ஒயர்களை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தது. நான் முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். மச்சான் கிட்டாரை மாட்டிக்கொண்டு சத்தத்தைக் கூட்டினார். வீல்!

தூங்கிக்கொண்டிருந்த ஒரு தாத்தா வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேவிட்டார். "யாருடா அது?" என்றார். மேடையில் சிரிப்பு. மச்சான் கிட்டாரைப் பார்த்துக் குனிந்துகொண்டு, "அண்ணே, மானிட்டர் ஸ்பீக்கரக் கொறைங்கண்ணே, கத்துது" என்று சவுண்டு மிக்ஸர்காரரிடம் சொன்னார். அவருக்கு முன்னால் மைக் இல்லை. ஆனால் அந்தக் 'கத்துது' கிட்டார் ஸ்பீக்கரிலிருந்தும் வந்தது. மெலிதாக, தூரத்து வீட்டு ரேடியோ மாதிரி.

செருப்பைப் போடாமலே மேடை ஏறினேன்.

"வா வா, இன்ஜினியரு" என்றார் மச்சான். "இந்த விசில் எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடி பாப்போம்."

அவர் கிட்டாரைப் பார்த்தேன். கம்பிகளுக்கு அடியில் பழைய, மங்கிய மூடி. மூலையில் பிறைபோல என் ஸ்க்ரூடிரைவர் கீறல். கறுத்துப்போகவும் இல்லை, ஒன்றும் இல்லை.

"இது என்னோடது" என்றேன்.

மறுப்பார் என்று நினைத்தேன். மறுத்திருந்தால் கொஞ்சம் தேவலை. அவர் குனிந்து கீறலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பல் தெரியச் சிரித்தார்.

"ஆமா."

பின்னால் இருந்து டிரம்ஸ்காரர், "என்ன மாப்ள, கல்யாணத்துக்கு முன்னாடியே சீர் வாங்கிட்டியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"மெழுகு போட்டாச்சுன்னு சொன்னீங்களே மச்சான்."

"போடலாம்னுதான் எடுத்துட்டுப் போனேன். போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ எங் கிட்டார்ல மாட்டிப் பாத்தேன். அப்புறம் கழட்ட மனசு வரல. நீயே சொல்லு, இப்படிப்பட்ட சாமான மெழுகுல முக்குவாங்களா?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

"நீயா? திருகாணியக்கூடத் தர மாட்ட."

கொடுத்திருப்பேன். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன்.

"ஒனக்கு என்ன ஆகிப்போச்சு?" என்றார். "வேற ஒண்ணு மாட்டித்தானே குடுத்தேன். சும்மாவா விட்டேன்? நீ வீட்டுக்குள்ள ஹெட்போன மாட்டிக்கிட்டு வாசிக்கிற. ஒனக்கு எது இருந்தாலும் ஒண்ணுதான். நான் ஊரு முன்னாடி நிக்கிறவன்."

அவர் சொன்னது இசை விஷயமாகக்கூடத் தலைகீழ். அந்தப் பிக்கப் ஊர் முன்னால் நிற்பதற்கு ஆனதே அல்ல. பெரிய ஸ்பீக்கரைக் கண்டால் அலறும். கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்போனில், ஒருத்தி மட்டும் கேட்பதற்கென்றே இருந்தது அது. மெழுகு தேவைப்படாத ஒரே இடத்திலிருந்து அதை எடுத்து, மெழுகில்லாமல் முடியாத இடத்தில் மாட்டியிருந்தார். ஆனால் எனக்கு அப்போது வாயில் வந்தது அது இல்லை.

"என் காது சரியில்லைன்னு சொன்னீங்க."

"ஏ, சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது. ஒங்க அம்மாட்ட அன்னைக்கே சொல்லிட்டுத்தானே எடுத்துட்டுப் போனேன்! அவங்களே எடுத்துக்கப்பான்னு சொன்னாங்க. என்னமோ களவாண்ட மாதிரி நிக்கிற."

அப்படியென்றால், மெழுகு போடத்தான் எடுத்துப்போனேன் என்று சற்றுமுன் சொன்னதும் பொய். மேடையிலிருந்து இறங்கினேன். அம்மா மண்டபத்தின் ஓரத்தில், மின்விசிறிக்கு அடியில், மற்ற பெண்களோடு உட்கார்ந்து சாயங்காலத்துக்கு மல்லிகைப் பூ தொடுத்துக்கொண்டிருந்தாள். குனிந்து அவள் காதருகே கேட்டேன். "கிட்டார் சாமான மச்சான் எடுத்தது ஒனக்குத் தெரியுமா?"

அம்மா நிமிரவில்லை. நாரில் ஒரு முடிச்சுப் போட்டாள்.

"மெதுவாப் பேசுடி. நாலு பேரு இருக்காங்க."

"தெரியுமா, தெரியாதா?"

"கொஞ்ச நாளைக்கு வச்சுக்கிறேன்னு கேட்டான். நாத்தனா மகன், அதுவும் ஒன்னக் கட்டிக்கப்போறவன், வீட்டுக்கு வந்து ஒண்ணு கேக்குறான். இல்லைன்னு எப்படிடி சொல்ல? ஒங்க அத்தை காதுக்குப் போனா என்ன ஆகும்?"

"நான் தெனம் ஒங்கிட்ட வந்து அழுதேனேம்மா."

"அது ஒரு கம்பி. அதுக்குப்போயி இவ அழுவான்னு நான் கண்டனா?"

ஆனால் அவள் கண்டாள். ஹெட்போனைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு அவசரமாக எழுந்து போனவள் எதையோ கண்டுதான் போனாள். பழைய பதிவுக்கும் புதியதுக்கும் வித்தியாசம் எதனால் என்று எங்கள் வீட்டில் இசையே தெரியாத அவளுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது. ஒருவர் என் காதைக் குறை சொன்னார், இன்னொருத்தி அதற்குத் தலையாட்டினாள். அவர் எடுத்தார், அவள் விட்டாள். நடுவில் நான் மட்டும் ஆம்ப்ளிஃபையர் திருகுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அவர் வாசித்தார். சத்தத்தைக் குறைத்து, ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டித் தள்ளி நின்றுகொண்டார். அலறவில்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் போட்டோவுக்கு நின்றார்கள், பிள்ளைகள் ஐஸ்கிரீம் கப்போடு ஓடின. நடுவில் ஒரு பாட்டின் முன்னிசையில் தடித்த கம்பி செருமிக்கொண்டு ஆரம்பித்தது. அதே சத்தம். எனக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை, காது காதாகத்தான் இருந்திருக்கிறது. சந்தோஷப்பட வேண்டிய நேரம் அது. நான் எழுந்து வெளியே, வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போய்விட்டேன். அங்கேயும் கேட்டது.

அடுத்த வாரம் மச்சான் வீட்டுக்கு வந்தார், ஒரு கையில் இனிப்பு டப்பா, இன்னொரு கையில் பிக்கப். "இந்தா, ஒன் சொத்து. இந்தத் தடவ நெசமாவே மெழுகு போட்டாச்சு. நீ கேட்டதத்தான் செஞ்சிருக்கேன், போதுமா?" என்றார். அம்மா அவருக்கு முறுக்கு எடுத்து வைத்தாள். இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மாட்டினேன், ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்தேன், வாசித்தேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும். சத்தம் வந்துவிட்டது. மெழுகு போட்டதால் பெரிதாக ஒன்றும் போகவில்லை. முணுமுணுத்தால் என் குரல் இப்போது உள்ளே போவதில்லை, அவ்வளவுதான். இணையக் குழுவில் நான் அடித்துப் பேசியது அத்தனையும் தப்பு. முதல் கட்சியும் சரி, இரண்டாவது கட்சியும் சரி. வீட்டில் வாசிக்கத் தேவையில்லை, போட்டாலும் குடி முழுகிப்போகாது.

"வந்துருச்சுல்ல?" என்றார் மச்சான்.

"வந்துருச்சு."

"அப்புறம் என்ன, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு?"

பிக்கப் உடைந்து வந்திருந்தால் எடுத்துக் காட்டியிருப்பேன். கம்பி அறுந்திருந்தால் காட்டியிருப்பேன். எல்லாம் முழுசாக இருந்தது. என் மடியில் கிட்டார் நன்றாக ஒலித்துக்கொண்டிருக்க, எதைக் காட்டிக் கோபப்படுவது? மச்சான் முறுக்கைத் தின்றுவிட்டு, "தை பொறக்கட்டும், எங்கம்மா பூ வைக்க வாரேன்னு சொன்னாங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். பூ வைத்துவிட்டால் எங்கள் பக்கம் நிச்சயம் முடிந்த மாதிரி.

அன்றைக்கே சொல்லிவிட்டேன், எனக்கு வேண்டாம் என்று. அம்மா முதலில் விளையாட்டு என்று நினைத்தாள். பிறகு திட்டினாள். அப்பாவை அனுப்பினாள். அவர் என் கட்டிலில் உட்கார்ந்து, "குடிக்கிறானா? வேற ஏதாச்சும் கேள்விப்பட்டியா?" என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்றேன். "பின்ன?" என்றார். சொன்னேன். முழுதும் கேட்டார். கிட்டாரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எனக்கு விளங்கல பாப்பா. ஆனா ஒனக்கு விளங்குதுல்ல" என்று சொல்லிவிட்டு டிப்போவுக்குப் போய்விட்டார்.

தை பிறந்தது. அத்தை நல்ல நாள் பார்த்துவிட்டு போன் செய்தாள். அம்மா அப்போது பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டாள். நான் அடுக்களை வாசலில் நின்றேன்.

"அது வந்து, ஜோசியரு ஜாதகம் பொருந்தலைங்கறாரு" என்றாள் அம்மா. என்னைப் பார்க்கவில்லை. "அவளுக்கு ஒண்ணுமில்ல, பாவம். கட்டம் சரியில்லையாம். நம்ம கையில என்ன இருக்கு."

எங்கள் வீட்டில் யாரும் ஜோசியரிடம் போகவே இல்லை. பிக்கப்புக்கு மெழுகு போட்டாயிற்று என்று சொன்னது போலவே இருந்தது. அவ்வளவு இதமாக, யாருக்கும் நோகாத மாதிரி. நான் வேண்டாம் என்றதற்கு இந்த வீட்டில் இனிக் காரணமாகச் சொல்லப்படப்போவது அந்தக் கட்டம்தான் என்று தெரிந்தது. போனை அம்மா கையிலிருந்து வாங்கினேன்.

"அத்தை, நாந்தான். ஜாதகமெல்லாம் யாரும் பாக்கல. எனக்குத்தான் இஷ்டமில்ல."

"ஏண்டி ஆத்தா? எம் மகன் என்ன பண்ணிட்டான்?"

"கிட்டார்லேருந்து எடுத்தாரே, அந்தச் சாமான்."

"ஏண்டி, அதத்தான் திருப்பிக் குடுத்துட்டானே! ஒரு கம்பிச் சுருளுக்காகவாடி? நாளைக்கு ஒரே வீட்டுல இருக்கப்போறவங்க, ஒம் பொருளு என்ன, அவம் பொருளு என்ன?"

"கம்பி வந்துருச்சு அத்தை. சத்தம் மாறிப்போச்சுன்னு நான் சொன்னது நெசம்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே ஒனக்குத்தான் காது சரியில்லைன்னு சொன்னாரு. மாசக்கணக்கா சொன்னாரு. நானும் நம்பினேன். அதுக்காகத்தான்."

"ஒங்கம்மாகிட்ட போனக் குடு" என்றாள் அத்தை.

கொடுத்தேன். அம்மா வாங்கினாள். அப்படியே கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து நின்றாள். உள்ளேயிருந்து "அண்ணி... அண்ணி..." என்று அத்தை கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.